சேனைக் காணியும் 1840 ஆம் ஆண்டுச் சட்டமும்

ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தை 1815 ஆம் ஆண்டிலே கைப்பற்றினரெனினும், அந்நாட்டு மலைக்காணிகளை அவர் கைப்படுத்த வழி திறந்தது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமேயாம். காடு, பாழ்நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவென்று கொள்ளப்படும் என்பது அதன் சாரம்.

இதனாற் பெரிதும் அடிபட்டது சேனை. காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் எள்ளும் ஓரிரு போகம் விதைத்தபின், மண் மீண்டும் உரம் பெறும்பொருட்டு அந்நிலத்தைப் பல ஆண்டுகள் விட்டுவிடுவர். ஆகவே ஒரு குடும்பம் உண்பதற்கு, விதைத்த துண்டினும் பன்மடங்கு நிலம் ஓய்ந்திருத்தல் வேண்டும். அவ்வோய்வு வேளாண்மையின் ஒரு பகுதி. சட்டமோ அதனைப் பாழென்று எழுதிற்று. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாது விடுக என லேவியராகமத்திற் படித்து வளர்ந்தோரே இதனை எழுதினர் என்பது வியப்பே!

கண்டிப் பகுதியிற் சேனைக்கு உரிமை கோருவோன் சன்னசு முதலிய அரச உறுதியைக் காட்டல் வேண்டும். அன்றேல் வழக்கமான வரி செலுத்தியமைக்குச் சான்று தரல் வேண்டும். பாட்டன் வெட்டிய சேனையைப் பேரன் வெட்டும் ஊரிலே எழுத்தை யார் தேடி வைத்தனர்?

காரணம் கோப்பி. மலைக்காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கினோருள் தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கென்சியும் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். சட்டஞ் செய்தவரே காணியும் கொண்டனரென்றால் குடியானவன் யாரிடம் முறையிடுவான்? அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட நம்மவர்க்கோ, தாம் குடியிருந்த லயத்து நிலமும் சொந்தமாகவில்லை. 1897 ஆம் ஆண்டின் பாழ்நிலச் சட்டம் இன்னும் விரைவானது. அறிவித்தலிட்டு மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராவிடின் காணி முடியைச் சேரும்.

வயலின் கதை வேறு. வயலுக்கு வரம்பும் வாய்க்காலும் உண்டு. பயிர்நிலமென்று எந்த அதிகாரிக்கும் கண்டவுடனே தெரியும். பிலிப் குணவர்த்தனா விவசாய மந்திரியாயிருந்த காலத்து வந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், பிறர் வயலை வாரத்துக்குச் செய்வோனைக் காக்க முயன்றது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமோ, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை மண்ணிட்டு நிரப்புதலைத் தடுக்கின்றது. உடையவனே ஆயினும் வயலை வயலாகவே வைத்திருத்தல் வேண்டும்.

சேனைக்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை. 1840 ஆம் ஆண்டுச் சட்டம், ‘முடி’ என்ற இடத்தில் ‘அரசு’ என்ற மாற்றத்தோடு, இன்றும் நம் சட்டநூலில் இருக்கின்றது.