செரங்கெட்டி சிங்கங்களைக் கொன்றது வைரஸ் மட்டும்தானா?

இன்னைக்கு மனுஷங்களுக்கு வர்ற நோய் இல்லை, சிங்கங்களுக்கு வந்த ஒரு கொள்ளைநோயின் வரலாறு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

1/ வருடம் 1994. தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா. பலூனில் பறந்த சுற்றுலாப் பயணிகள், கீழே ஒரு சிங்கம் வலிப்பு வந்து துடிப்பதைப் பார்க்கிறார்கள். அந்த வருடம் மட்டும் சுமார் 1,000 சிங்கங்கள் செத்துப்போயின. அங்கிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு!

2/ பரிசோதனையில் சிக்கியது கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். நாய்களுக்கு வருவது. நம்ம தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். சுற்றுவட்டார கிராமத்து நாய்கள் மேல் சந்தேகம் விழுந்தது.

3/ கேஸ் முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்களா? இல்லை. ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சிங்கங்களின் ரத்த சீரத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். அதைச் சோதித்தால், இதே வைரஸ் வேறு சமயங்களிலும் வந்து போயிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் இப்படிக் கொத்துக்கொத்தாகச் சாகவில்லை!

4/ அப்போ 1994இல் மட்டும் ஏன்? 2008இல் லிண்டா மன்சன் குழு விடை சொன்னது. 1993இல் கடும் வறட்சி. மெலிந்துபோன எருமைகளின் உடம்பெல்லாம் உண்ணி. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணி வழியாக பாபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி ஏறியது. வழக்கமாக அது சிங்கத்தைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. டிஸ்டெம்பர் எதிர்ப்பு சக்தியைக் குறைத்ததும், அது ரத்தத்தில் தாறுமாறாகப் பெருகிவிட்டது.

5/ எங்களுக்கு இது பழகிய கதைதான். தட்டம்மை வந்த குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். ஊட்டச்சத்து இல்லாத குழந்தை என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

6/ நம்ம நாட்டுக்கு வருவோம். ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழ்வது உலகத்திலேயே குஜராத்தில் மட்டும்தான். 2015 கணக்கெடுப்பில் 523. 2018 செப்டம்பரில் கிர் காட்டின் ஒரே பகுதியில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. சோதனையில் தெரிந்தது அதே டிஸ்டெம்பர், அதே பாபேசியா. அவசரமாகத் தடுப்பூசியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

7/ மொத்த இனமும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரே ஒரு கெட்ட வருடம் போதும். அது வருவதற்கு முன்பே ரத்த மாதிரி சேர்க்க வேண்டும், உண்ணியைக் கவனிக்க வேண்டும். செத்தபிறகு தேடினால் பாதி விடைதான் கிடைக்கும்.

8/ வீட்டில் நாய் வளர்க்கிறீங்களா? ரேபிஸ் ஊசியோடு டிஸ்டெம்பர் தடுப்பூசியும் போட்டாச்சான்னு இன்னைக்கே அட்டையை எடுத்துப் பாருங்க. காட்டோரம் இருக்கிறவங்க கட்டாயம் பாருங்க.