சி மொழியில் படம் வரைதல்

சி மொழியில் படம் வரைதல் என்பது ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் நிரலால் கணக்கிட்டு, திரையிலோ கோப்பிலோ படமாக்கும் வேலை. சி மொழியின் செந்தர நூலகத்தில் கோடு, வட்டம், நிறம் எதற்கும் செயற்கூறு கிடையாது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி இம்மொழியை உருவாக்கியது யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுவதற்காக. பின்னால் வந்த செந்தரங்களும் வரைகலையின் பக்கம் போகவில்லை. ஆகவே புதிதாகக் கற்பவருக்கு இரண்டு வழிகள்தான்: யாராவது எழுதிவைத்த வரைகலை நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் படக் கோப்பையே தாமே எழுதிவிடலாம். இரண்டாவது வழி மிரட்டலாகத் தெரியும். ஆனால் எளிது அதுதான்.

பிக்ஸ்மேப் கோப்பு

பிஎன்ஜி, ஜேபெக் போன்ற வடிவங்கள் படத்தைச் சுருக்கி வைப்பவை. அவற்றை எழுதத் தனிக் கணிதமே தேவை. போர்ட்டபிள் பிக்ஸ்மேப் வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. இது சேர்ந்த குடும்பத்தின் மூத்த உறுப்பினரான பிட்மேப்பை 1980களில் ஜெஃப் பாஸ்கன்சர் வடிவமைத்தார். அக்கால மின்னஞ்சல் மென்பொருள்கள் வெற்று எழுத்துகளைத் தவிர வேறு எதையும் சிதைக்காமல் கொண்டுசேர்க்காது. அதனால் கறுப்புக்கு 1, வெள்ளைக்கு 0 என்று படத்தையே எழுத்துகளாக்கி அனுப்பினார். சாம்பல் நிறத்துக்குக் கிரேமேப்பும் வண்ணத்துக்குப் பிக்ஸ்மேப்பும் இந்தக் குடும்பத்தில் அடுத்துச் சேர்ந்தன. இவற்றைக் கையாளும் பிபிஎம்பிளஸ் தொகுப்பு 1988 இறுதியில் வெளியானது. அதன் வழிவந்த நெட்பிபிஎம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நான்கே பிக்சல் உள்ள ஒரு முழுப் படம் இது. முதல் வரியில் உள்ள ‘பி’ மட்டும் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்:

பி3
2 2
255
255 0 0   0 255 0
0 0 255   255 255 255

முதல் வரி வடிவத்தின் அடையாளம். இரண்டாவது வரியில் அகலமும் உயரமும். மூன்றாவது, நிற அளவின் உச்சம். 255 என்பது வழக்கம், 65535 வரை போகலாம். அடுத்து மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக, பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மும்மூன்று எண்கள். நோட்பேடில் தட்டச்சு செய்து சேமித்தாலே இது படம்தான். அப்படியானால் எழுத்துகளை வெளியிடும் பிரிண்ட்எஃப் செயற்கூறு தெரிந்த எவரும் படம் வரையலாம்.

ஜப்பான் கொடி

பயிற்சிக்கு ஏற்றது ஜப்பானியக் கொடி. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் உயரமும் அகலமும் 2:3 விகிதம். நடுவில் உள்ள வட்டத்தின் விட்டம் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அகலம் 600, உயரம் 400 பிக்சல் என்று எடுத்தால் மையம் (300, 200), ஆரம் 120. நிரலில் இரண்டு மடக்குகள் (லூப்): வெளி மடக்கு உயரத்துக்கு, உள் மடக்கு அகலத்துக்கு. உள்ளே ஒரே ஒரு கேள்வி: மையத்திலிருந்து கிடைத்தூரத்தின் வர்க்கத்தையும் செங்குத்துத் தூரத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் 14400க்கு மேல் போகிறதா? போனால் வெள்ளை, இல்லையென்றால் 188, 0, 45 என்ற சிவப்பு. வர்க்கமூலம் தேவையில்லை, தசம எண்ணும் தேவையில்லை.

இரண்டு மடக்குகளையும் இடம் மாற்றி எழுதுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. 600க்கு 400 படத்தில் வட்டம் கிடைக்கோடுகளாகக் கிழிந்துபோகும். சதுரப் படத்தின் நடுவில் வட்டம் வரைந்தாலோ இந்தப் பிழை கண்ணில் படவே படாது. படத்தைச் சதுரமாக வைக்காதிருக்க இது ஒன்றே போதுமான காரணம். பள்ளி வரைபடத்தாளில் மேல்நோக்கி வளரும் ஒய் அச்சு இங்கே கீழ்நோக்கி வளர்வதும் முதலில் தடுமாற வைக்கும்.

நிறம் இடமிருந்து வலமாக மெல்ல மாறும் படம் எழுதும்போது வேறொரு பொறி இருக்கிறது. பிக்சலின் கிடை இடமான எக்ஸை அகலத்தால் வகுத்து 255ஆல் பெருக்கினால் படம் முழுக்கக் கறுப்பாகும். முழு எண் வகுத்தலில் 599ஐ 600ஆல் வகுத்தால் விடை 0. முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும்.

பச்சை வட்டம்

எண்களை எழுத்துகளாக எழுதும் பி3 இடத்தை விழுங்கும். பி6 வடிவத்தில் தலைப்பு மட்டும் எழுத்து. நிறங்கள் ஒவ்வொன்றும் ஒரு பைட். மேலே சொன்ன கொடிக்குத் தலைப்பு 15 பைட், நிறங்கள் 7,20,000 பைட், மொத்தம் 7,20,015.

விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது பைனரி முறை என்று குறிப்பிட மறந்தால், புதுவரிக் குறியான 10 ஒவ்வொன்றுக்கும் முன்னால் 13 என்ற பைட்டை நூலகம் தானாகவே செருகிவிடும். உச்ச அளவான 255க்குப் பின் ஒரே ஓர் இடைவெளிக் குறி என்பது வடிவத்தின் விதி. விதியை அப்படியே பின்பற்றும் மென்பொருள் 13ஐ அந்த இடைவெளியாக எடுத்துக்கொண்டு, 10ஐ முதல் பிக்சலின் சிவப்பாகப் படிக்கும். அதன்பின் எல்லா எண்ணும் ஓர் இடம் தள்ளிப் போகும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஆனால் 188, 0, 45 என்பது 45, 188, 0 ஆகி, வட்டம் பச்சையாக வந்து நிற்கும். நிரலில் எத்தனை முறை தேடினாலும் பிழை அகப்படாது. கோப்பின் அளவைப் பார்த்தால் 7,20,018 என்றிருக்கும். கூடுதலான அந்த மூன்று பைட்டுதான் துப்பு.

கோடும் நினைவகமும்

கொடியை வரிசைப்படி எழுதிக்கொண்டே போகலாம். குறுக்கே ஓடும் கோட்டுக்கு அது சரிவராது. படம் முழுவதையும் ஓர் அணியில் வைத்து, வேண்டிய பிக்சலை மாற்றி, கடைசியில் கோப்பில் கொட்ட வேண்டும். ஒய்யை அகலத்தால் பெருக்கி, எக்ஸைக் கூட்டி, மூன்றால் பெருக்கினால் பிக்சலின் இடம் கிடைக்கும். கோட்டுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கப்படும் முறை, ஐபிஎம்மில் பணியாற்றிய ஜாக் பிரசன்ஹாம் 1962இல் வரைகருவி ஒன்றை இயக்க வகுத்து, 1965இல் வெளியிட்டது. முழு எண் கூட்டல் கழித்தலை வைத்தே அடுத்த புள்ளியைத் தீர்மானிப்பது அதன் சிறப்பு. 1920க்கு 1080 படத்துக்கு 62 லட்சம் பைட்டுக்கு மேல் தேவை. அதைச் செயற்கூறுக்குள் சாதாரண அணியாக அறிவித்தால், விண்டோஸ் வழக்கமாகத் தரும் 1 மெகாபைட் ஸ்டேக்கில் அடங்காமல் நிரல் நின்றுவிடும். நினைவகம் ஒதுக்கும் மால்லாக் செயற்கூறைக் கொண்டு இடம் கேட்பதே முறை.

வரைகலை நூலகங்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த பலருக்குச் சி மொழி வரைகலை என்றாலே டர்போ சியின் கிராஃபிக்ஸ் தலைப்புக் கோப்புதான் நினைவுக்கு வரும். போர்லாந்து நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் டாஸ் கணினிகளுக்காகத் தந்தது அது; விஜிஏ திரையில் 640க்கு 480 பிக்சல், 16 நிறம். ஒரே வரியில் வட்டம் வரைந்துவிடலாம் என்பதால் ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இன்றைய கணினியில் டாஸ்பாக்ஸ் போன்ற, பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் இல்லாமல் ஓடாத அதைக் கல்லூரி ஆய்வகங்கள் நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது வீண் பிடிவாதம். அசைவும் விசைப்பலகை உள்ளீடும் வேண்டுவோருக்கு 1998இல் தொடங்கிய எஸ்டிஎல், 2013இல் வந்த ரேலிப் ஆகிய இலவச நூலகங்கள் இருக்கின்றன. தொடக்க நிலையினருக்கு ரேலிப் சுலபம்.

பிக்ஸ்மேப் கோப்பை கிம்ப், இர்ஃபான்வியூ ஆகியவை நேரடியாகத் திறக்கும். இமேஜ்மேஜிக் அதைப் பிஎன்ஜியாக மாற்றித் தரும்.