பிள்ளைகள் ‘கொலை வீடு’ என்று பெயர் வைத்த பல் ஆஸ்பத்திரி

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

உங்களில் பலர் வீட்டில் இப்போது எல்.கே.ஜி., யு.கே.ஜி. போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். “சேட்டை பண்ணினா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லுவேன்” என்று ஒரு தடவையாவது மிரட்டாத வீடு குறைவு. பிறகு நிஜமாகவே பல்வலி வந்து, பிள்ளை அந்த நாற்காலியில் ஏற மாட்டேன் என்று அழுதால், ‘சரியான அடம்’ என்கிறோம். பிள்ளைகளின் இந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்று ஒரு நாடே முயன்ற கதை இது. அந்த நாடு நியூசிலாந்து.

முதல் உலகப் போருக்கு அங்கே ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களின் வாயைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். இருபது வயதிலேயே பாதிப் பல் சொத்தை. பல் சரியில்லாதவனால் பட்டாளத்து ரொட்டியைக் கடிக்க முடியாது. எனவே 1915இல் ராணுவத்தில் தனியாகப் பல் மருத்துவப் பிரிவையே தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஹண்டர் என்ற பல் மருத்துவர், போர் முடிந்ததும் அரசாங்கச் சுகாதாரத் துறைக்கு வந்தார். வளர்ந்தவன் வாயைச் சரிசெய்வதைவிடப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அத்தனை பிள்ளைகளுக்கும் போதுமான பல் மருத்துவர்கள் நாட்டில் இல்லை.

அதற்கு அவர் கண்ட வழி அந்தக் காலத்துக்குப் புதுமையானது. 1921இல் தலைநகர் வெலிங்டனில் சுமார் 30 இளம்பெண்களைச் சேர்த்து இரண்டு வருடப் பயிற்சி கொடுத்தார். நாங்கள் படித்த ஆசிரியர் பயிற்சியும் இரண்டு வருடம்தான்! பிள்ளைகளின் பல்லைச் சோதிப்பது, சொத்தையைச் சுரண்டி அடைப்பது, ஆடுகிற பால் பல்லைப் பிடுங்குவது, பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. ‘பள்ளிப் பல் செவிலியர்’ என்று பெயர். பல் மருத்துவர்களில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்கள் பிள்ளைகளிடம் பொறுமையாக நடப்பார்கள் என்று ஹண்டர் வாதாடினார். பெண்கள் என்றால் சம்பளமும் குறைவு. அரசாங்கத்துக்கு எந்தக் காரணம் அதிகம் பிடித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே சின்னச் சின்ன மருத்துவ அறைகள் வந்தன. அப்பா அம்மா வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம், காசும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முறை வைத்துக் கூப்பிடுவார்கள். அழாமல் உட்கார்ந்த பிள்ளைக்கு, வாயில் வைக்கிற பஞ்சுச் சுருளில் வண்டு பொம்மையோ பட்டாம்பூச்சியோ செய்து கொடுப்பார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

அந்த அறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கொலை வீடு’. விளையாட்டாக ஒரு பள்ளியில் வைத்த பெயர் இல்லை. நாடு முழுக்க, தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொன்னார்கள். இன்று அறுபது எழுபது வயதான நியூசிலாந்துக்காரர்களைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? அந்த அக்காமார்கள் கொடுமைக்காரிகள் இல்லை. கையில் இருந்த கருவி அப்படி. பழைய தையல் மெஷினைக் காலால் மிதித்து ஓட்டுவோமே, பல் துளைக்கும் கருவியும் பல காலம் அப்படி மிதித்து ஓட்டுவதுதான். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்கு மேல் போகாது. மெதுவாகச் சுற்றுகிற ஊசி பல்லை அறுக்காது, அதிரவைக்கும். சூடும் ஏறும். மண்டைக்குள் யாரோ தட்டுவது போல இருக்கும். பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசியும் போடாமலே இதைச் செய்தார்கள்.

இன்னொரு காரணம் பாடப்புத்தகத்தில் இருந்தது. அமெரிக்காவின் ஜி.வி. பிளாக் என்ற பெரிய பல் மருத்துவ ஆசிரியர் வகுத்த முறைப்படி, சொத்தை இருக்கும் இடத்தை மட்டும் அல்லாமல், பின்னால் சொத்தை வரக்கூடிய நல்ல பகுதியையும் சேர்த்து அகலமாகத் துளைத்து அடைக்க வேண்டும். முன்னெச்சரிக்கையாம். அதனால் சின்னப் புள்ளிக்கும் பெரிய குழி. பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பைத் துணியில் வைத்துக் கையால் பிழிந்ததும் அந்தப் பெண்கள்தான். அதன் கெடுதல் அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எத்தனை பல் அடைத்தோம் என்ற கணக்குதான் வேலையின் அளவுகோல். அரசாங்க வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அறிக்கையில் எந்த எண்ணைக் கேட்கிறார்களோ அந்த எண் தானாகப் பெருகும்! 1970களில்தான் ‘இவ்வளவு அடைக்க வேண்டுமா?’ என்று அங்கேயே யோசித்து, அடைப்பதைக் குறைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மிதி மெஷினுக்கு மாற்று தேடியவர்களில் முக்கியமானவர் அதே நாட்டில் இருந்தார். ஒட்டாகோ பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவப் பேராசிரியர் ஜான் வால்ஷ், காற்றின் விசையால் சுழலும் துளைக் கருவியை 1949 வாக்கில் உருவாக்கினார். 1957இல் அமெரிக்காவில் போர்டன் என்பவர் கொண்டுவந்த காற்றுச் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று சுற்றியது. வேலை நிமிடங்களில் முடிந்தது. ஆனால் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது, பிள்ளைகள் இப்போது அதற்குப் பயந்தார்கள்.

பேச்சால் பயத்தைக் குறைக்கும் முறையை 1959இல் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கர் எழுதினார். முதலில் சொல், பிறகு காட்டு, அதன் பிறகு செய். ‘இது தண்ணி பீச்சுகிற குழாய்’ என்று சொல்லி, பிள்ளையின் விரலில் பீச்சிக் காட்டி, அப்புறம்தான் வாய்க்குள் கொண்டுபோக வேண்டும். இன்றைக்கும் குழந்தைப் பல் மருத்துவம் படிப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குத் ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்று சொல்லிக் கொடுத்ததும் இதேதான்.

ஆனாலும் கருவியே வேண்டாம் என்ற யோசனை பிறந்தது பணக்கார நாட்டில் இல்லை. 1980களின் நடுவில், ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத ஊர்களில் வேலை பார்த்த ஜோ ஃபிரெங்கன் என்ற டச்சுப் பல் மருத்துவர், கையால் சுரண்டும் சின்னக் கரண்டி போன்ற கருவியால் மெத்தென்று போன சொத்தையை மட்டும் எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை சிமெண்டால் அடைத்தார். துளைப்பதில்லை, சத்தமில்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. இல்லாமையில் பிறந்த வைத்தியம், பயப்படுகிற பிள்ளைக்கு நல்ல வைத்தியமாக அமைந்தது. 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரப்ப முன்வந்தது.

ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் இன்னும் ஒரு படி போனார். சொத்தையான பால் கடைவாய்ப் பல்லைச் சுரண்டவே இல்லை. அதன் மேல் எஃகு உறை ஒன்றைச் சிமெண்ட் தடவிப் பொருத்தி, ‘கடி’ என்பார். பிள்ளையே கடித்து உறையை உட்கார வைத்துவிடும். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காமல் சொத்தை நின்றுவிடுகிறது. சகாக்கள் நம்பவில்லை. அவருடைய பழைய பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் கட்டுரையாக வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இப்போது ‘ஹால் முறை’ என்றே பெயர்.

‘விழுந்து முளைக்கிற பல்தானே, அதற்கு ஏன் இத்தனை பாடு?’ என்று கேட்கிற பாட்டிமார்களுக்காக ஒரு வார்த்தை. பால் பல் மொத்தம் 20. அதில் கடைசிக் கடைவாய்ப் பற்கள் விழ 10 முதல் 12 வயது ஆகும். அதற்குள் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடமிருக்காது. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். அப்போது துளைக்க ஒன்றும் இருக்காது, மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டிவிட்டு வரலாம். மூன்று வயதுக்குள் ஃபுளோரைடு பற்பசை ஒரு அரிசி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டாம்.

நியூசிலாந்துச் செவிலியர் திட்டம் நம்மவர்கள் வாழும் இடங்களுக்கும் வந்தது. 1949இல் பினாங்கில் அதே மாதிரி ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 1950களில், கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இலங்கையில் மகரகமவில் இன்னொன்று வந்தது. கோலாலம்பூரில் இருக்கும் அத்தை வீட்டாரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படித்த என் மாணவர்களும் இதைப் படித்தால், உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் நர்ஸ் அக்காவைப் பற்றிக் கீழே எழுதுங்கள். நீங்கள் அந்த அறைக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.