அண்டையை அறிதல்: லண்டன் வலைப்பின்னல்களில் சுவிட்சுகளின் அறிமுகமும் அதன் எல்லையும்

சுவிட்ச் தன் பக்கத்துக் கருவியைத் தானே கண்டுகொள்ளும் வரலாற்றை நெறிமுறைகளின் வரிசையாகவே எழுதிவருகிறார்கள். லண்டன் சான்றுகளைக் கொண்டு பார்த்தால், கேபிளின் இரு முனைகளும் யார் கையில் இருந்தன என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், 1970களின் தொடக்கத்தில் டொனால்ட் டேவிஸ் குழுவினர் இயக்கிய வலைப்பின்னலில் பொட்டலங்களைப் பிரித்தனுப்பியது ஒரே ஒரு ஹனிவெல் 516 கணினி. அதற்கு அண்டை என்று எதுவும் இல்லை. 1973இல் பீட்டர் கிர்ஸ்டைன் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனை நார்வே வழியாக அர்ப்பாநெட்டுடன் இணைத்ததும் லண்டனில் அந்த நிலை மாறியது. அர்ப்பாநெட்டின் முனைக்கணினிகள் மறுமுனை இயங்குகிறதா என்று ஓயாமல் விசாரித்தன. பதில் சில தடவை வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொண்டன. வழித்தட அட்டவணைகளையும் அண்டைக்கு அண்டை பகிர்ந்தன. ஆனால் லண்டன் முனை உட்பட எல்லாவற்றையும் கண்காணித்தது மாசசூசெட்ஸில் இருந்த பிபிஎன் நிறுவனம். வீடு பெரியது, குடும்பம் ஒன்றுதான்.

1980களின் ஈதர்நெட் பிரிட்ஜ்கள், வரும் ஃபிரேமின் அனுப்புநர் முகவரியைப் படித்து, அது எந்தப் போர்ட்டில் வந்தது என்று குறித்துக்கொண்டன. எதிர்முனையில் இருப்பது என்ன மாடல், எந்தப் போர்ட் என்பதெல்லாம் அதில் தெரியாது. 1994இல் சிஸ்கோவில் டினோ ஃபரினாச்சியும் கீத் மெக்லோக்ரியும் உருவாக்கிய சி.டி.பி. என்ற கண்டறிதல் நெறிமுறை அந்தக் குறையைத் தீர்த்தது. 60 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு சுவிட்சும் தன் பெயர், போர்ட், மாடல், மென்பொருள் பதிப்பு, ஐ.பி. முகவரி ஆகியவற்றை அறிவிக்கும். 180 நொடி மௌனமானால் அண்டை பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கும். ஒட்டிய சீட்டு உதிர்ந்த கேபிள் எங்கே போகிறதென்று தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எக்ஸ்ட்ரீம், ஃபவுண்ட்ரி போன்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு நெறிமுறை வைத்துக்கொண்டன. 2005இல் ஐ.இ.இ.இ. வெளியிட்ட எல்.எல்.டி.பி. எல்லோருக்கும் பொதுவானது. கருவியின் அடையாளம், போர்ட்டின் அடையாளம், செய்தியின் ஆயுள் ஆகிய மூன்றும் அதில் கட்டாயம். செய்தியின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 16 பிட்: முதல் 7 வகையையும் அடுத்த 9 நீளத்தையும் சொல்லும். பிரிட்ஜ்கள் முன்னனுப்பாத சிறப்பு முகவரிக்குச் செல்வதால் செய்தி ஒரு கேபிளைத் தாண்டாது. பெற்றவர் பதில் சொல்லத் தேவையில்லை. அனுப்பியவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கவும் வழியில்லை.

சி.டி.பி. பிறந்த அதே 1994இல், டாக்லண்ட்ஸ் டெலிஹவுஸில் பைப்பெக்ஸ், டீமன், பிடி உள்ளிட்டோர் சேர்ந்து லண்டன் இணையப் பரிமாற்றகமான லிங்க்ஸைத் தொடங்கினர். உள்ளூர்ப் போக்குவரத்து அட்லாண்டிக்கைச் சுற்றி வரும் செலவைத் தவிர்ப்பதே நோக்கம். தொடக்ககாலச் சுவிட்ச், எட்டு 10 மெகாபிட் போர்ட்டுகள் கொண்ட சிஸ்கோ கேட்டலிஸ்ட் 1200. ஒரே சுவிட்சில் போட்டி நிறுவனங்களின் ரவுட்டர்கள். லிங்க்ஸின் தொழில்நுட்ப விதிகள் உறுப்பினர் போர்ட்டில் ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6, ஏ.ஆர்.பி. ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தன. சி.டி.பி.யும் அதுபோன்ற கண்டறிதல் நெறிமுறைகளும், சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் விலக்கப்பட்டன. ஒருவருடைய ஸ்பானிங் ட்ரீ செய்தி அனைவரின் பாதையையும் குலைக்கக்கூடும், சி.டி.பி.யோ மென்பொருள் பதிப்பை அந்நியருக்குச் சொல்லிவிடும். இந்த எச்சரிக்கை மிகையன்று: 2020 பிப்ரவரியில் ஆர்மிஸ் நிறுவனம் சிஸ்கோ கருவிகளின் சி.டி.பி. செயலாக்கத்தில் ஐந்து பாதுகாப்பு ஓட்டைகளை வெளியிட்டது.

ஆகவே லிங்க்ஸில் உறுப்பினர்கள் அண்டையைக் கண்டுபிடிப்பதில்லை, ஏற்கிறார்கள். இரு தரப்புப் பொறியாளர்களும் பேசி முடித்து, எதிர்த்தரப்பின் முகவரியையும் தன்னாட்சி எண்ணையும், வழித்தடங்களைப் பரிமாறும் பி.ஜி.பி. நெறிமுறையின் அமைப்பில் எழுதிவைக்கிறார்கள்.

லிங்க்ஸின் சொந்தச் சுவிட்சுகளுக்கிடையே கதை வேறு. 2018இல் அதன் இரண்டாவது லண்டன் வலைப்பின்னல் எட்ஜ்கோர் வன்பொருளுக்கும் ஐ.பி. இன்ஃப்யூஷன் மென்பொருளுக்கும் மாறியபோது, இ.வி.பி.என். முறை வந்தது. எந்த மேக் முகவரி எந்தச் சுவிட்சின் பின்னால் இருக்கிறது என்பதை அங்குள்ள சுவிட்சுகள் பி.ஜி.பி. வழியாகவே தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன.