சுனாமி நாளில் பேசிய ரேடியோ

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினம் போன்ற கடலூர் மாவட்டக் கடலோர ஊர்களை அலை வாரிக்கொண்டு போன நாள். மந்தாரக்குப்பத்துக்கும் கடலுக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் இந்தப் பக்கம் தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே யார் பிழைத்தார்கள் என்று தெரியாமல் தவித்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். தீவுகளின் தொலைபேசித் தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிட்டது. அந்த நேரத்தில் அங்கிருந்து பேசியது, பொழுதுபோக்குக்காகப் போயிருந்த சிலரின் ரேடியோ!

ஹாம் ரேடியோ என்றால் பலருக்கும் ராஜீவ் காந்தி ஞாபகம் வரும் (அவரும் உரிமம் பெற்ற ஹாம்தான்). இந்தியாவில் இது 1921லேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவோடு தொடங்கிவிட்டது. தேர்வு எழுதி அரசாங்கத்திடம் உரிமம் வாங்கினால் சொந்தமாக ஒலிபரப்பிப் பேசலாம். காசுக்காகப் பேசக்கூடாது, அவ்வளவுதான். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். நடுவில் டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம். ஒரு கார் பாட்டரியும் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கம்பியும் போதும்.

இதை வெட்டவெளியில் செய்து பழகுவதற்கென்றே அமெரிக்க ஹாம்கள் 1933ல் 'ஃபீல்டு டே' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது ஆண்டுதோறும் ஜூன் மாதத்து நான்காவது முழு வார இறுதியில் நடக்கிறது. கூடாரம் அடித்து, ஆண்டெனா நட்டு, ஜெனரேட்டரிலோ பாட்டரியிலோ 24 மணி நேரம் பேசித் தீர்ப்பார்கள். எத்தனை நிலையங்களோடு பேசினோம் என்பதுதான் கணக்கு. பார்ப்பவர்களுக்குப் பிக்னிக் மாதிரி இருக்கும். பாதி பிக்னிக்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் இன்னொரு வடிவம், ஹாம்கள் அபூர்வமான இடங்களுக்குப் படையெடுப்பது. அப்படிப்பட்ட இடங்களில் அந்தமானுக்கு முன்வரிசை. பாதுகாப்புக் காரணங்களால் அங்கே ஒலிபரப்ப அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. 1987க்குப் பிறகு ஒரு ஹாம் குரலும் அங்கிருந்து எழவில்லை. ஐதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கினார். 2004 டிசம்பர் தொடக்கத்தில் அவருடைய குழு போர்ட் பிளேரில் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்தது. அழைப்புக்குறி வி.யு.4.ஆர்.பி.ஐ.

உலகமே அந்தக் குரலுக்காக முட்டி மோதியது. "உங்கள் சிக்னல் 59, நன்றி", அடுத்தவர். இப்படியே சுமார் 35,000 தொடர்புகள். மூன்று வாரத்துக்கு மொத்தமே 30,240 நிமிடம்தான் என்று யோசித்தால் அந்த வேகம் புரியும்.

26ம் தேதி காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. பாரதி அப்போதும் ஒலிபரப்பில்தான் இருந்தார். நில அதிர்வு என்று ஒலிபரப்பிலேயே கத்திவிட்டு வெளியே ஓடினார் என்கிறார்கள்.

திரும்பி வந்தபோது எண்ணிக்கை விளையாட்டு முடிந்திருந்தது. நேற்றுவரை பத்து வினாடிக்கு மேல் யாரோடும் பேசாத அதே நிலையம் இப்போது பெயர்களை மெதுவாக, எழுத்து எழுத்தாக வாங்கிக்கொண்டது. இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வி தாயகத்திலிருந்து வரும். விசாரித்துப் பதில் போகும். பேரழிவு கண்ட கார் நிக்கோபாருக்கும் ஹாம்கள் ரேடியோவோடு போனார்கள். இலங்கையிலும் இதே கதைதான். விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டையைச் சிற்றலையில் கொழும்போடு இணைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரேடியோக்கள் நிவாரணத்துக்காகக் கப்பலில் வந்தவை அல்ல. ஆண்டெனா ஏற்கெனவே நின்றிருந்தது. எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே போகும் என்பது மூன்று வாரமாகப் பேசிப் பேசிப் பழகியிருந்தது. கூச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் காது பழகியிருந்தது. வெறும் பொழுதுபோக்கு என்று யார் எதைச் சொன்னார்களோ, அதுதான் அந்தப் பயிற்சி. அனுமதி ஒரு மாதம் முந்தியிருந்தால் குழு மூட்டை கட்டி ஊர் திரும்பியிருக்கும். ஒரு மாதம் பிந்தியிருந்தால்? பாதுகாப்புக்காக என்று பூட்டி வைத்த தீவில் ஆபத்துக் காலத்தில் ஒரு ஹாம்கூட இருந்திருக்க மாட்டார். 17 ஆண்டுகள் பூட்டியதில் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்பது இன்றும் கேட்கவேண்டிய கேள்வி.

அரசாங்கத்துக்கும் இது உறைத்திருக்க வேண்டும். அடுத்த அனுமதிக்கு இன்னொரு 17 ஆண்டு ஆகவில்லை. 2006 ஏப்ரலிலேயே அந்தமானில் ஹாம்களின் பெரிய கூட்டம் நடந்தது. இந்த முறை வெளிநாட்டவர்களுக்கும் ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது.