வாய் பேசாத உடன்படிக்கை

வேலை கொடுப்போனும் வேலை ஏற்போனும் செய்துகொள்ளும் உடன்படிக்கையிற் கூலியும் வேலைநேரமும் குறிக்கப்படும். வேலையாற் கை முறியினும் நோய் பற்றினும் அந்நட்டம் யாரைச் சாரும் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எழுதாது விட்ட அவ்விடத்தை ஆங்கில நாட்டு நீதிமன்றங்கள் எவ்வாறு நிரப்பின என்பதை, ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைக்கும் நம் குலமக்கள் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கி. பி. 1837-ஆம் ஆண்டில், பிரீஸ்ட்லி என்னும் பணியாளன் தன் முதலாளியாகிய பௌலர் என்னும் இறைச்சி வாணிகன்மீது தொடுத்த வழக்கு ஒன்று எக்ஸ்செக்கர் நீதிமன்றத்திற்கு வந்தது. முதலாளி ஏவியபடி அவன் சென்ற வண்டி பாரம் மிகுந்து முறிய, அவனுடைய துடையெலும்பு ஒடிந்தது. லிங்கன் நகரத்து ஜூரிகள் 100 பவுன் அளிக்குமாறு முன்னரே கூறியிருந்தனர். அபிஞ்சர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். அவர் காட்டிய காரணம் நகைப்பிற்கு இடமாவது. இதற்கு இசையின், ஈரப்படுக்கை விரித்த பணிப்பெண்ணின் பிழைக்கும், செப்புக்கலங்களைச் செவ்வனே துலக்காத சமையற்காரரின் பிழைக்கும் முதலாளியே பொறுப்பாக நேருமாம்! அஞ்சுவோன் அவ்வேலையை மறுத்திருக்கலாம் என்றும் மொழிந்தார். மறுத்தவனுக்கு மறுநாட் சோறிடுவார் யாவர் என்பதை அப்பிரபு ஆராய்ந்திலர்.

இதனின்று வளர்ந்ததே, தொழிலின் இடுக்கண்களையும் உடன்தொழிலாளர் பிழையால் வருவனவற்றையும் தாங்கிக்கொள்வதாகத் தொழிலாளி வாய் பேசாமலே உடன்பட்டான் என்னும் கொள்கை. 1880-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஓரளவு தளர்த்திற்று. ஆயினும், அச்சட்டத்தால் வரும் உரிமை வேண்டேன் என்று தொழிலாளியிடம் முன்னரே உடன்பாடு பெறும் வழக்கம் தோன்றியது. 1882-இல் டட்லி பிரபுவின் நிலக்கரிச் சுரங்கத்தில் மாண்ட ஒருவனுடைய மனைவி வழக்கிட்டபொழுது, கணவன் செய்த அவ்வுடன்பாடு அவளையும் கட்டும் என்று தீர்ப்பாயிற்று. கைம்பெண்ணின் வாயை அடைத்தது அவள் அறியாத உடன்படிக்கை!

முதலாளியின் பிழையை மெய்ப்பிக்க வேண்டாமலே ஈடு பெறும் வழியை 1897-ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களுக்குத் திறந்தது. 1906-இல் ஈய நஞ்சு முதலிய தொழில்நோய்களும் அதனுட் சேர்ந்தன. பழைய கொள்கை 1948-இலேதான் அந்நாட்டில் முற்றும் ஒழிந்தது.

நம் நாட்டில் 1923-இல் இயற்றப்பெற்றுப் பின்னாண்டு ஜூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், இவ்வகையில் ஒருபடி மேற்சென்றது என்போம். ஈடு பெறும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் எவ்வுடன்படிக்கையும் அவ்வளவிற்குச் செல்லாது என்று அதன் 17-ஆம் பிரிவு விதித்தது. கையொப்பம் இட்டிருப்பினும் செல்லாது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விதி இடம்பெற்றது. இன்னும், தொழிலாளி இறந்துபடின், முதலாளி ஒரு சிறு தொகையைக் குடும்பத்தார் கையிற் கொடுத்துக் கைச்சாத்து வாங்கிக் கணக்குத் தீர்த்தல் ஆகாது. ஈட்டுத்தொகையைக் கமிஷனரிடமே கட்டுதல் வேண்டும் என 8-ஆம் பிரிவு வகுத்தது. கைம்பெண்ணுக்கும் மக்களுக்கும் அதனைப் பகுத்தளிக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று.