அளவு கருவிகளும் உறைநிரல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு கற்பிக்கும் ஒருவன் மின்கருவிகளைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என வாசகர் ஐயுறலாம். என்னிடம் முன்னர் பயின்று, இன்று நெல் உலர்த்தல் பற்றி ஆய்வு செய்யும் ஒருவர் தம் கணினியோடு என் இல்லம் தேடி வந்திராவிடின், நானும் இத்துறையிற் புகுந்திருக்கமாட்டேன். உலர்த்தும் அறையின் நான்கு மட்டங்களில் வெப்பவுணரிகளை வைத்து, அவை தரும் மின்னழுத்தத்தைத் தரவு சேகரிப்பு அட்டையொன்றின் வழியாக அவர் கணினியிற் பதிந்து வந்தார். பதினொரு நாட்களாக மூன்றாம் மட்டமும் நான்காம் மட்டமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையைக் காட்டின. நெல் சீராக உலர்கின்றதென மகிழ்ந்து, அறிக்கையின் முதற்பகுதியையும் அவர் எழுதிவிட்டார். பின்னர் ஒருநாள் நான்காம் மட்டத்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார், அது ஈரமாயிருந்தது.

பைதன் என்னும் மொழியில் தாம் எழுதிய உறைநிரலே பிழையுடையதென அவர் கருதினார். ஓர் ஆவணம் கிடைத்தால், அஃது யார் யார் கைமாறி வந்ததென வினவுவது எம்மனோர் வழக்கம். அவ்வினாவையே இங்கும் எழுப்பினோம். கருவிக்கும் மனிதனுக்கும் இடையே நின்ற கைகள் பல. அவை ஒரே காலத்தில் வந்தவையுமல்ல. ஒவ்வொன்றும் ஒரு தேவைபற்றி வந்தது. வரும்போது தனக்கேயுரிய பிழையொன்றையும் உடன் கொணர்ந்தது.

1960களில் அளவுகருவிகளைக் கணினியோடு இணைக்க விரும்பியோர், பெரும்பாலும் ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு இணைப்பைத் தாமே அமைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் தன் கருவிகளுக்கெனப் பொதுவான இணைப்பு முறையொன்றை வகுக்கத் தொடங்கிற்று. அதுவே 1975இல் ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்னும் நியமமாயிற்று. இருபத்துநான்கு முனைகள் கொண்ட ஒரே வகை வடத்தால் பதினைந்து சாதனங்கள் வரை ஒன்றாய்ப் பிணைக்கப்படலாயின. கருவிகள் பேச வாயமைந்ததேயன்றி, பேசும் மொழி இன்னும் ஒன்றாகவில்லை. செய்திகளின் வடிவம் 1987இலும், பொதுவான கட்டளைச் சொற்கள் 1990இலுமே வரையறுக்கப்பட்டன. இக்காலத்துப் பிழைகள் எளியவை. இரு கருவிகள் ஒரே முகவரியைப் பெற்றிருக்கும். அல்லது செய்தி முடிந்ததெனக் காட்டும் குறி வாராமையாற் கணினி வாளா காத்திருக்கும். பிழை உண்டென்பது எவர்க்கும் வெளிப்படையாய்த் தெரியும்.

அடுத்து வந்தவை கணினியினுள்ளேயே செருகப்படும் அட்டைகள். இவற்றுட் பல சொற்களாற் பேசுவனவல்ல; பதிவகங்களில் எண்களை இடுவதும் எடுப்பதுமே இவற்றின் பேச்சு. ஆகவே அவற்றை ஆள்வதற்கு இயக்கி என்னும் நிரல் வேண்டப்பட்டது. அவ்வியக்கியை அழைக்கும் வழிகள் பெரும்பாலும் சீ மொழிக்கென அமைந்தன. சீ வேகமுடையது; ஆனால் பரிசோதனை நாடோறும் மாறும் ஆய்வுகூடத்தில், ஒரு சிறு மாற்றத்துக்கும் நிரலை மீளத் தொகுப்பது பெருந்தொல்லை.

இத்தொல்லையிலிருந்தே எம் கதையின் முக்கிய பகுதி தொடங்குகின்றது. கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஒஸ்ரர்ஹவுற் 1988இல் ரிக்கிள் என்னும் சிறுமொழியை ஆக்கினார். சீயில் எழுதிய பகுதிகளை ஒட்டிச் சேர்க்கும் பசையாக அது விளங்கிற்று. இத்தகையனவே ஸ்கிரிப்ட் மொழிகள். நெதர்லாந்தவரான கைடோ வான் ரொசம் 1989இன் இறுதியில் எழுதத் தொடங்கிய பைதன் 1991இல் வெளிவந்தது. லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் டேவிட் பீஸ்லி என்பார் 1995இல், சீ நூலகத்துக்கும் ஸ்கிரிப்ட் மொழிக்கும் இடையே நிற்கும் உறைநிரலைத் தானாகவே ஆக்கித்தரும் கருவியொன்றைச் செய்தார். சுவிக் என்பது அதன் பெயர். 2006இல், தொமஸ் ஹெல்லர் ஆக்கிய சீரைப்ஸ் என்னும் பகுதி பைதனுடனேயே வழங்கப்பட்டது. இதன்பின் உறைநிரல் எழுத, சீயில் ஒரு வரியேனும் எழுதவேண்டிய தேவை இல்லாது போயிற்று.

இவ்வெளிமையே ஆபத்துக்கும் வாயிலாயிற்று என்பது என் கருத்து. சீ மொழியில் ஒவ்வோர் எண்ணுக்கும் அகலம் உண்டு. பைதனில் எழுதுபவர் அதனை நினைப்பதேயில்லை. ஒரு செயற்கூறு எதனை விடையாகத் தருமென்று சொல்லாது விட்டால், சீரைப்ஸ் அதனைச் சாதாரண முழுவெண் என்றே கொள்ளும். 32 பிட் கணினிகளில் இது பெரும்பாலும் தீங்கு செய்யவில்லை. 64 பிட் கணினிகள் வந்தபின்னரோ, இயக்கி விடையாகத் தந்த நினைவக முகவரியின் மேற்பாதி சத்தமின்றி வெட்டுண்டது. 'லோங்' எனப்படும் முழுவெண் 64 பிட் வின்டோசில் நான்கு பைற்று. அதே அகலமுடைய லினக்சில் எட்டு. ஒரு கணினியில் நன்கு நடந்த உறைநிரல் இன்னொன்றிற் பிழைப்பதற்கு இதுவே போதும். இன்னும், பல இயக்கிகள் செயல் நிறைவேறினாற் பூச்சியத்தையும் தவறினால் எதிரெண்ணையும் தருகின்றன. உறைநிரல் அதனைப் பாராது விட்டால் தவறு மறைந்துவிடும். இடைத்தேக்கத்திற் கிடந்த பழைய எண்களே புதியனபோல் வாசிக்கப்படும்.

இப்பொருத்துவாயிலின் பிழை எத்துணை விலையுடையது என்பதற்கு 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள் சான்று. அன்று தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து எழுந்த ஏரியன் 5 உந்துகணை, ஏறத்தாழ நாற்பது வினாடிகளிற் சிதைந்தது. அதன் நிரல் ஏடா மொழியிலானது, ஸ்கிரிப்ட் மொழியன்று. ஆயினும் நோய் ஒன்றே. ஏரியன் 4இலிருந்து மாற்றமின்றி எடுக்கப்பட்ட திசையறி கருவியின் நிரல், 64 பிட் தசம எண்ணொன்றை 16 பிட் முழுவெண்ணாக்க முயன்றது. அம்முழுவெண் 32,767இன் மேற் செல்லாது. புதிய உந்துகணையின் வேகம் அவ்வெல்லையைக் கடந்தது. மாற்றுக்கருவியும் அதே நிரலையுடையதாதலின், இரண்டும் ஒருங்கே ஓய்ந்தன. ஓய்ந்த கருவி தன் கோளாறு பற்றிய குறியீட்டை அனுப்ப, பிரதான கணினி அதனைப் பறத்தலின் அளவீடென்று கொண்டு எஞ்சின்களின் முனைகளைத் திருப்பிற்று. நோயாளி 'எனக்கு உடல்நலமில்லை' என்று எழுதிய கடிதத்தை மருந்துச்சீட்டென வாசித்தது போலும்! அக்கணிப்பு ஏரியன் 5 மேலெழுந்தபின் தேவையே அற்றது என்பது இன்னும் வருந்தத்தக்கது.

நிற்க. எம் மாணவரின் நெல்லுக்கு மீள்வோம். அவரும் நானும் ஒரு கிழமை உறைநிரலையே துருவினோம். எண்களின் அகலம், வரிசை, திருப்பியளித்த குறிகள் யாவும் செம்மையாகவே இருந்தன. இதில் என் குற்றமும் உண்டு. ஏட்டுச்சுவடிகளில் இறுதியாகப் படியெடுத்தவனையே முதலில் ஐயுறும் பழக்கத்தால், அடுக்குகளுள் இளையதாகிய உறைநிரலிலேயே நிலைகொள்ளும்படி அவரைத் தூண்டியவன் யான். எட்டாம் நாள் அவர் உறைநிரலை ஒதுக்கிவிட்டு, அட்டையோடு வந்த சோதனை நிரலைத் திறந்தார். அங்கும் மூன்றும் நான்கும் ஒன்றாகவே நின்றன. உறைநிரல் குற்றமற்றதென்பது ஐந்து நிமிடத்தில் தெளிவாயிற்று.

இத்தகைய அட்டைகள் பலவற்றில் எண்ணாக்கும் உறுப்பு ஒன்றே. ஓர் ஆளி நான்கு வழிகளையும் முறையே அதனோடு தொடுக்கும். மூன்றாம் வழியை அளந்தபின் உள்ளே சிறிது மின்னேற்றம் எஞ்சிநிற்கும். நான்காம் வழியில் உணரி இணைந்திருப்பின் அவ்வெச்சத்தை அது விரைவில் மாற்றிவிடும். கம்பி அறுந்திருப்பின் மாற்றுவாரில்லை. மூன்றாவதன் பெறுமானமே நான்காவதென மீளவும் வாசிக்கப்படும். வகுப்பில் வராத மாணவனுக்கு அயலிருப்பவன் 'உள்ளேன் ஐயா' என்பதை அறியாத ஆசிரியருண்டோ? நான்காம் வழியை நிலத்தொடுப்போடு இணைத்தபோது அது பூச்சியத்தைக் காட்டியது. உணரியின் கம்பி மேலுறை குலையாமல் உள்ளே அறுந்திருந்தது.

கம்பியை மாற்றி, நான்காம் உணரியின் பதினொரு நாள் எண்களையும் நீக்கி, அறிக்கையின் முதற்பகுதியை அவர் கிழித்தெறிந்தார். மறுமுறை உலர்த்தியபோது நான்காம் மட்டத்து நெல் ஏனையவற்றிலும் இரண்டு நாள் பிந்தியே உலர்ந்தது.